ரெண்டு நம்பரோடு ஓடிய ஓட்டம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கள் ஒரகடத்தில் நடந்தது இது. விடிந்தும் விடியாத நேரம். எதிரே வருகிற லாரியின் விளக்குகூட மங்கலாகத் தெரிகிற பனி. சுடிதார் பேண்ட்டும், என் மகனுடைய பழைய டி-ஷர்ட்டும், புது ஷூவுமாக ஒரு பெரிய கூட்டத்தின் நடுவே நான் நடுங்கிக்கொண்டு நின்றேன். நாற்பது வயதைத் தாண்டிய நான் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்றைக்கு நான் அடித்த கூத்து உங்களுக்குப் புரியாது. கார் முழுக்க ஓடுகிற ஒயர்களைக் கட்டாகக் கட்டித் தருகிற தொழிற்சாலை எங்களுடையது. நீளமான பெல்ட்டில் பலகைகள் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆளுக்கு ஓர் இடம். பலகை தன் முன்னால் வரும்போது தன் பங்கு ஒயரைப் பதித்து, டேப் சுற்றி, கிளிப் போட்டுவிட வேண்டும். பெல்ட் யாருக்காகவும் நிற்காது. அப்படியென்றால் ஒருவருக்கு அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால்? தலை சுற்றினால்? வீட்டிலிருந்து போன் வந்தால்? அதற்குத்தான் நான். என் வேலைக்கு ரிலீவர் என்று பெயர். எனக்கென்று சொந்தமாக ஓர் இடம் கிடையாது. யார் கூப்பிட்டாலும் போய் அவர்கள் இடத்தில் நிற்பேன்.

அதற்கு ஒரு முறை உண்டு. நான் போய் கூப்பிட்டவளின் வலது தோளைத் தொடுவேன். அவள் கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு, கழுத்தில் தொங்குகிற நம்பர் அட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டுவாள். "எடுத்துக்கினேன்" என்று நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அவள் நகரலாம். அதற்கப்புறம் அந்த இடத்தில் என்ன நடந்தாலும் நான்தான் பொறுப்பு. முடிகிற பலகைகள் எல்லாம் அவள் கணக்கில்தான் ஏறும். வருஷக்கணக்காக இதைச் செய்து செய்து, வீட்டில் மருமகள் அடுப்பின் முன் நின்றால்கூட என் கை தானாக அவள் தோளுக்குப் போய்விடும். அவளுக்கு அது பிடிக்காது என்பது வேறு விஷயம்.

எங்கள் வரிசையில் ஒரு பெண் இருந்தாள். தென்மாவட்டத்துக்காரி. புருஷனும் இங்கேயே வேறொரு தொழிற்சாலையில் வேலை. படப்பையில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார்கள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். என்னை "யக்கா" என்பாள். நான் வல்லக்கோட்டைப் பக்கத்துக்காரி, எடுத்தெறிந்து பேசுகிற வாய். அவளோ அதிர்ந்து பேசாதவள். ஆனாலும் எங்களுக்குள் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அவளுடைய ஒரே மகள், ஏழு வயதுக் குட்டி, என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள்.

அந்தக் குட்டிக்குத்தான் ரத்தப் புற்றுநோய் வந்தது.

முதல் சில மாதங்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. குழந்தை பிழைத்தாள், மருந்து வேலை செய்தது, அது போதும். ஆனால் சிகிச்சை அதோடு முடிகிற சமாச்சாரம் இல்லையாம். தினமும் மாத்திரை, சில மாதங்களுக்கு ஒரு தடவை முதுகுத்தண்டில் ஓர் ஊசி என்று இரண்டு மூன்று வருடம் இழுக்கும் என்றார்கள். அந்த ஊசிதான் எங்கள் எல்லோருக்கும் எமனாக இருந்தது. மரத்துப்போக மருந்து தடவுவார்கள். ஆனாலும் குழந்தை இறால் போலச் சுருண்டு, கொஞ்சமும் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அசைந்தால் ஊசி சரியான இடத்தில் இறங்காது, மறுபடியும் குத்த வேண்டும்.

முதல் தடவை அவளிடம் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து "வலிக்காது கண்ணு, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் யார் பேச்சையும் நம்பவில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் மூன்று நான்கு பேர் சேர்ந்து அவளை அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படிப் பிடிப்பவர்களில் பெற்ற தாயும் ஒருத்தி. "யக்கா, எம்புள்ள என்னைய எதிரி மாதிரி பாக்கா" என்று ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் சொல்லிவிட்டு, தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து மகளிடம் எதற்காகவும் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அவர்கள் போய்வரும் சென்னை ஆஸ்பத்திரியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயைப் பற்றிய ஆராய்ச்சிக்காக ஒரு மாரத்தான், ஓடுகிறவர்கள் தெரிந்தவர்களிடம் நன்கொடை திரட்டித் தரலாம் என்று. அதுவும் எங்கள் ஒரகடத்து அகலச் சாலையிலேயே. இவள் அதை மகளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். குட்டி உடனே கேட்டாளாம்: "நாப்பத்திரெண்டு கிலோமீட்டர்னா கால் வலிக்குமா?"

"வலிக்கும்."

"அழுகை வருமா?"

"வரும்போலதான் இருக்கு."

"அப்ப நீ ஓடும்மா. நீ கோடு தாண்டுற வரைக்கும் பாதியில விடாம ஓடினேன்னா, நான் அடுத்த ஊசிக்கு அசையாம படுக்கேன். யாரும் என்னையப் பிடிக்க வேண்டாம்."

இதை வந்து என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "இன்னாடி இது? பஸ்ஸைப் புடிக்க ஓடறதுக்கே நமக்கு நாக்கு தள்ளுது. நீ பாட்டுக்கு சரின்ட்டியா?"

"சரின்னுட்டேன் யக்கா. அவளே வந்து கேட்டது இது ஒண்ணுதான்."

அதற்கு மேல் நான் என்ன பேச? துணைக்கு நானும் பெயர் கொடுத்துவிட்டேன்.

எங்கள் பயிற்சியைப் பார்த்திருந்தால் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். காலை ஷிப்ட் முடிந்ததும் சர்வீஸ் ரோட்டில் ஓடுவோம். இரண்டு பெண்கள் கைப்பையோடு தலைதெறிக்க ஓடினால் இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஒவ்வொருவராக ஓரம் கட்டி, "ஏறுக்கா, எங்க போணும்? படப்பையா?" என்பார்கள். ஒரு தடவை எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கம்பெனி பஸ்ஸே நின்று கதவைத் திறந்தது. வேண்டாம், சும்மாதான் ஓடுகிறோம் என்றால் யாரும் நம்புவதாயில்லை. "பாவம், வூட்ல எதோ பிரச்சினை போலகீது" என்று ஓட்டுநர் பின்னால் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஆனால் விஷயம் தெரிந்ததும் அதே ஆட்கள்தான் கை கொடுத்தார்கள். எங்கள் வரிசை முழுவதும் நன்கொடை தந்தது. எதிரில் இருக்கும் டீக்கடைக்காரரும் தந்தார். ஷிப்டில் எப்போதும் எங்களை முறைத்துக்கொண்டே இருக்கும் சூப்பர்வைசர்கூட யாருக்கும் தெரியாமல் வந்து தந்துவிட்டு, மறுபடி முறைக்கப் போய்விட்டார்.

இப்படியாகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வந்து சேர்ந்தது. மைதானத்தில் கிளம்பி, வல்லக்கோட்டை வழியாக ஒரு பெரிய சுற்று ஓடி, கிளம்பின இடத்துக்கே வந்து, மறுபடியும் அதே சுற்றை ஓட வேண்டும். ஒரு சுற்று ஓடினால் பாதி, இரண்டு ஓடினால் முழுசு. எல்லோருக்கும் நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு நம்பர் தாள். நம்பருக்குக் கீழே, யாருக்காக ஓடுகிறோம் என்று எழுதிக்கொள்ளக் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். இவளுடைய தாளில் குட்டியே ஸ்கெட்ச் பேனாவால் தன் பெயரைக் கோணல் மாணலாக எழுதி அனுப்பியிருந்தாள்.

முதல் சுற்று நன்றாகவே போனது. பக்கத்தில் பக்கத்தில் ஓடினோம். எங்கள் ஊர்க் கோயில் கோபுரம் தெரிந்ததும், "முருகா, முட்டியப் பாத்துக்கோ" என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். பனி விலகி வெயில் வந்தது. சாலையின் இரண்டு பக்கமும் தொழிற்சாலைச் சுவர்கள். தினமும் பஸ் ஜன்னலோரம் தூங்கி வழிந்தபடி கடக்கிற சாலை, காலால் கடக்கும்போது இவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இவள் வாயைத் திறக்காமல், தரையைப் பார்த்தபடி சீராக ஓடிக்கொண்டிருந்தாள். இந்த வேகத்தில் போனால் முடித்துவிடுவாள் என்று எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பாதி முடிந்து மைதானத்துக்குள் நுழைந்தபோது, கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவளுடைய அறைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கையை ஆட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் கயிற்றருகே போனதும் அவர் விஷயத்தைச் சொன்னார். குட்டிக்குக் காய்ச்சல். அந்தச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்றெல்லாம் இருக்க முடியாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அவள் புருஷன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற்கெனவே கிளம்பிவிட்டார். இவளை அழைத்துப்போக இவர் பைக்கில் வந்திருக்கிறார்.

அவள் நின்ற நிலையை நான் மறக்கவே மாட்டேன். ஒரு காலை பைக் பக்கம் எடுத்து வைக்கிறாள், மறுபடி ஓடுகிற பாதையைத் திரும்பிப் பார்க்கிறாள். "யக்கா, பாதியில விடக் கூடாதுன்னு சொன்னாளே. போய் நான் அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்? பொய் சொல்ல மாட்டேன்னு இருக்கேனே யக்கா..."

நான் யோசித்தெல்லாம் செய்யவில்லை. என் கை தானாகப் போய் அவள் வலது தோளைத் தொட்டது.

"நீ கெளம்பு. நான் எடுத்துக்கினேன்."

அவளும் யோசிக்கவில்லை. நெஞ்சில் இருந்த நம்பர் தாளைக் கழற்றினாள். அவசரத்தில் ஊக்கு என் டி-ஷர்ட்டில் ஏறவில்லை. நானே பிடித்துக் குத்திக்கொண்டேன். அவள் பைக்கில் ஏறிப் போய்விட்டாள். என் நம்பருக்குக் கீழே அவள் நம்பர், அதற்குக் கீழே குட்டியின் கோணல் எழுத்து. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பினேன். பெல்ட்டில் ஒருத்தி நகர்ந்தால் இன்னொருத்தி நிற்கிறாள், வேலை அவள் கணக்கில் ஏறுகிறது. இதில் தப்பாக ஏதாவது இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

முக்கால் தூரம் இருக்கும். கால் என்னுடையதாகவே இல்லை. அப்போது பின்னால் விசில் சத்தம். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்த ஓர் அம்மா, தொப்பியும் கண்காணிப்பாளர் பட்டையும் போட்டவர், இறங்கி என் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, எதுக்கு ரெண்டு நம்பர்? இன்னொருத்தர் நம்பரையும் சேர்த்து எடுத்துட்டுப் போனா, அவங்களும் ஓடினதா மெஷின்ல பதிவாகும். இது ஏமாத்து வேலை. ரெண்டு பேரையும் கேன்சல் பண்ணிடுவேன்."

எனக்கு வந்ததே கோபம். ஏமாற்று வேலையா? "மேடம், நான் ரிலீவர். அவ குழந்தைக்கு ஒடம்பு சரியில்லன்னு போய்கினு கீறா. அவ எடத்துல நான் நிக்கறேன். இதுல இன்னா ஏமாத்து?" என்று நடுச்சாலையில் கத்தினேன். கத்தினதில் மூச்சு வாங்கியது, நின்றதில் கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொண்டது. அப்படியே சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மா மோசமானவர் இல்லை. பக்கத்தில் குனிந்து என் காலை நீட்டிவிட்டுக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார். பிறகு, "இது ஃபேக்டரி இல்லம்மா. ஓட்டத்துல அவங்கவங்க கால்லதான் அவங்கவங்க ஓடணும். அதை என்னால மாத்த முடியாது" என்றார். என் தோழியின் தாளைத் திருப்பி, பின்பக்கம் ஒட்டியிருந்த மெல்லிய பட்டையை மட்டும் உரித்தெடுத்தார். யார் எந்த இடத்தைத் தாண்டினார்கள் என்று மெஷினுக்குச் சொல்வது அந்தப் பட்டைதானாம். "இனிமே இது வெறும் பேப்பர். உங்க தோழி பாதியோட நின்னதாத்தான் பதிவாகும். பேப்பரைக் கொண்டு போறது உங்க இஷ்டம்" என்று சொல்லி, தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னது நியாயம்தான் என்று எனக்கும் தெரிந்தது. அதுதான் அழுகையே வந்துவிட்டது. இந்த வெறும் பேப்பரைக் கொண்டுபோய் அந்தக் குட்டியிடம் காட்டினால் அவள் சும்மா விடுவாளா? கெட்டிக்காரி. முதல் கேள்வியே, "கோடு தாண்டுனது யாரு?" என்றுதான் இருக்கும். உண்மையைச் சொன்னால், பேசின பேச்சு முறிந்தது என்று அவள் சொல்லலாம். மறுபடியும் நான்கு பேர், மறுபடியும் அமுக்கல். எழுந்து நின்றேன். ஓட வரவில்லை. நொண்டி நொண்டி நடந்தேன்.

அப்போதுதான் எங்கள் கம்பெனி பஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்க்கப் போகிறவர்கள். என்னைப் பார்த்ததும் பஸ் வேகம் குறைந்தது. ஜன்னல் வழியாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. என் நெஞ்சில் இருந்த இரண்டு நம்பர்களைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு நான் தொண்டை கிழியச் சொல்ல வேண்டியிருந்த விஷயம் இவர்களுக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது.

"யக்காவ்! யாரை ரிலீவ் பண்றே?"

"அவளைத்தான்! கொழந்தைக்கு ஜொரம்!"

உடனே ஒருத்தி கத்தினாள்: "நின்னுடாத யக்கா! லைன் நிக்கக் கூடாது!" அப்புறம் எல்லோரும் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். ஓட்டுநர் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். எங்கள் கம்பெனிக்குப் போகிற திருப்பம் வரும் வரைக்கும் பஸ் என் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தது. அவ்வளவு பேர் பார்க்கும்போது நொண்டிக்கொண்டு போவதற்கு வெட்கமாக இருந்ததால், ஓட ஆரம்பித்தேன். உண்மையான காரணம் அதுதான்.

கோட்டைத் தாண்டியபோது மைதானத்தில் பாதிப் பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள். கழுத்தில் ஒரு பதக்கம் மாட்டினார்கள். நான் முதலில் போனைத்தான் தேடினேன். குட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள், ரத்தப் பரிசோதனை பயப்படும்படி இல்லை என்று அவள் புருஷன் சொன்னார். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் கால் வலி என்று நினைத்துக்கொண்டு எனக்கு ஸ்ப்ரே அடித்தார்கள்.

காய்ச்சல் சாதாரணச் சளிக் காய்ச்சல்தான். சில நாட்களில் வீட்டுக்கு வந்துவிட்டாள். காய்ச்சலால் தள்ளிப்போட்ட ஊசிக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டு அவர்களோடு போனேன். இரண்டு நம்பர் தாள்களையும் பையில் வைத்திருந்தேன். மாடிப்படி இறங்க முடியாமல் நான் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குவதைப் பார்த்து வழியெல்லாம் குட்டி சிரித்துக்கொண்டே வந்தாள். ஊசி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ம்மா, கோடு தாண்டுனது யாரு?"

என் தோழி என்னைப் பார்க்கவில்லை. மகளை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "நான் பாதிதான் ஓடினேன் பிள்ள. உனக்குக் காய்ச்சல்னு வந்துட்டேன். மிச்சத்த பெரியம்மா ஓடினா. எனக்கு ரிலீவரா."

ரிலீவர் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அம்மாவும் நானும் வீட்டில் பேசுவதெல்லாம் அதைத்தானே. நான் பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். பட்டையை உரித்துவிட்டதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் தன் கோணல் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். வியர்வையில் மை கலைந்திருந்தது. தலை நிமிராமலே கேட்டாள்.

"அப்ப எனக்கும் ரிலீவர் உண்டா?"

எத்தனையோ பேர் தோளைத் தொட்டு அனுப்பியவள் நான். யார் கூப்பிட்டாலும் போய் நின்றவள். என் முதுகை அங்கேயே திருப்பிக் காட்டியிருப்பேன், எத்தனை ஊசி வேண்டுமானாலும் குத்திக்கொள்ளுங்கள் என்று. என் தோழிதான் பதில் சொன்னாள்.

"இல்ல பிள்ள. அதுக்கு மட்டும் ஆள் கிடையாது."

"பெரியம்மா முதுகுல போட்டா எனக்கு சரியாகாதா?"

"ஆவாது கண்ணு" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எதையோ மனசுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவைக் கேட்டாள், "மிச்சப் பாதிய நீ எப்ப ஓடுவ?"

"அடுத்த வருஷம் திரும்ப நடக்கும். அப்ப ஓடுதேன்."

"நெசமா?"

"நெசமா."

"சரி. அப்ப நான் இப்பவே அசையாம படுத்துடுதேன். நீ அப்புறமா ஓடு." பேப்பரை மடித்து என்னிடம் நீட்டினாள். "பெரியம்மா, இத வச்சிரு. தொலைச்சிராத."

உள்ளே ஒருவர்தான் கூடப் போகலாம். அம்மாவும் மகளும் போனார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து யாராவது ஓடிவந்து, பிடிக்க இன்னும் இரண்டு பேர் வாங்க என்று கூப்பிடுவார்களாம். அன்றைக்கு அழுகைச் சத்தம் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் கதவு திறக்கவில்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. என் தோழி வெளியே வந்தபோது, "நான் கையத்தான் பிடிச்சிருந்தேன் யக்கா. கைய மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

பின்னாலேயே வந்த டாக்டரம்மாவை நான் விடவில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஏன் மேடம், இந்த ஊசிக்கு வேற வழியே இல்லையா?" என்று கேட்டேன். அவர் அவசரத்தில் இருந்தார், இருந்தும் நின்று சொன்னார்.

"முன்னாடியெல்லாம் நிறைய குழந்தைங்களுக்குத் தலையில கதிர்வீச்சு குடுக்க வேண்டியிருந்ததும்மா. வளர்ந்தப்புறம் படிப்பு, ஞாபகம்னு அதுனால ரொம்பக் கஷ்டப்பட்டாங்க. இந்த ஊசியும் மருந்தும் இருக்கறதாலதான் இப்போ பெரும்பாலான குழந்தைங்களுக்கு அது வேண்டாம்னு ஆகியிருக்கு. அதெல்லாம் இவளுக்கு முன்னாடி படுத்திருந்த குழந்தைங்ககிட்டேருந்து ஒண்ணொண்ணா கத்துக்கிட்டது. இனிமே வர்றவங்களுக்கு இந்த ஊசியையும் குறைக்க முடியுமான்னு பாக்கறோம். நீங்க ஓடினீங்களே, அது இதுக்குத்தான்."

அதுவரைக்கும் ஆராய்ச்சி என்றால் எனக்கு ஏதோ கண்ணாடிக் குழாயும் வெள்ளைக் கோட்டும்தான். அந்த வராந்தாவில்தான், முகம் தெரியாத எத்தனையோ குழந்தைகள் எங்கள் குட்டிக்கு முன்னால் அந்தப் படுக்கையில் படுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது என் மண்டையில் ஏறியது. அவர்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல், மூடியிருந்த அந்தக் கதவைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அடுத்த வருடம் தை மாதம் என் தோழி சொன்னபடியே வந்தாள். ஒரு சுற்று மட்டும் ஓடுகிற அரை மாரத்தானில் பெயர் கொடுத்து, தன் மிச்சப் பாதியை ஓடினாள். குட்டி கோட்டுக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரப்பர் பேண்ட் போடுகிற அளவுக்கு முடி வளர்ந்திருந்தது. பழைய நம்பர் தாளை என்னிடம் கேட்டு வாங்கித் தன் கவுனில் குத்தியிருந்தாள். அம்மா கோட்டைத் தாண்டி வந்ததும், அதைக் கழற்றி அம்மாவின் புது நம்பருக்குக் கீழே குத்திவிட்டு, "இப்பதான் முடிஞ்சுது" என்றாள். அந்த விசில்காரம்மா பக்கத்தில்தான் நின்றார். இரண்டு நம்பரையும் பார்த்தார். விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது குட்டிக்கு மாத்திரை, ஊசி எல்லாம் நின்றுவிட்டது. பரிசோதனைக்கு மட்டும் போய் வருகிறாள். எங்கள் வரிசையில் என் வேலை அதேதான். தோளைத் தொடுகிறேன், அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன், "எடுத்துக்கினேன்" என்று சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம், "எனக்கும் ரிலீவர் உண்டா?" என்று அந்தப் பெஞ்சில் குட்டி கேட்டது காதில் விழுகிறது. அன்றைக்கு அவளிடம் உண்டு என்று சொல்ல முடியவில்லை. அதே பெஞ்சில் நாளைக்கு வந்து உட்காரப்போகும் ஏதோ ஒரு குழந்தைக்கு அந்தக் கேள்வியே தேவைப்படாமல் போகட்டும் என்றுதான், முட்டி ஒத்துழைக்கிற வரைக்கும், தை மாதம் பிறந்தால் போய் ஓட்டம் கிளம்புகிற கோட்டில் நிற்கிறேன்.